கொலஸ்ட்ரால் வெளியேறும் வாசல் குடலில் இருக்கிறது

"மாத்திரையை நிறுத்திவிட்டு ஓட்ஸும் வெண்டைக்காயும் சாப்பிட்டால் கொலஸ்ட்ரால் குறையுமா, டாக்டர்?" கிளினிக்கிற்கு வரும் நம்மவர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. குறையும். ஆனால் எவ்வளவு குறையும், அது யாருக்குப் போதும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

சர்க்கரையை எரிப்பதுபோல் கொலஸ்ட்ராலை எரித்துத் தீர்க்க நம் உடலால் முடியாது, வெளியேற்றத்தான் முடியும். கல்லீரல் அதைப் பித்த அமிலமாக மாற்றிக் குடலுக்கு அனுப்புகிறது. கொழுப்பைச் செரிக்க உதவியபின், அந்த அமிலத்தில் சுமார் 95 விழுக்காடு சிறுகுடலின் கடைசிப் பகுதியில் மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பிவிடுகிறது.

இங்கேதான் கரையும் நார்ச்சத்து வேலை செய்கிறது. ஓட்ஸ், பார்லி, பயறு வகைகள், வெண்டைக்காய் ஆகியவற்றில் உள்ள இந்த நார், குடலில் கூழ்போலாகிப் பித்த அமிலத்தைப் பிடித்து மலத்தோடு கொண்டுபோய்விடும். குறைந்ததை ஈடுகட்ட, கல்லீரல் இரத்தத்திலிருந்து கெட்ட கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்ளும். வெண்டைக்காய் சாப்பிட்டால் கணக்கு வரும் என்று பாட்டிமார் சொன்னது இருக்கட்டும். கொழகொழப்பு பிடிக்காது என்று எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தெடுக்கிறோமே, பயன் தருவது அந்தக் கொழகொழப்புதான்.

டோரோண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 46 பேரிடம் நடத்திய ஆய்வு 2003இல் வெளிவந்தது. ஓட்ஸ், பார்லி, சோயா, பாதாம், தாவர ஸ்டெரோல் சேர்த்த மார்ஜரின் ஆகியவற்றோடு நம்மூர் வெண்டைக்காயும் கத்தரிக்காயும் அதில் இடம்பெற்றன. ஒரே மாதத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறக்குறைய 29 விழுக்காடு குறைந்தது. ஸ்டாட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 விழுக்காடு.

இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த ஆய்வில் உணவை அளந்து கொடுத்தார்கள். அதே குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில், 351 பேருக்கு ஆலோசனை மட்டும் சொல்லி வீட்டில் சமைத்துச் சாப்பிட விட்டபோது, ஆறு மாதத்தில் கிடைத்த குறைவு சுமார் 13 விழுக்காடு. நம் வீட்டு நிலவரம் இதுதான். மாரடைப்பு வந்தவர்கள், இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள், நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

உடற்பயிற்சி என்ன செய்யும்? பலர் நினைப்பதற்கு மாறாக, நடைப்பயிற்சி கெட்ட கொலஸ்ட்ராலைப் பெரிதாகக் குறைப்பதில்லை. டிரைகிளிசரைடைக் குறைக்கும், நல்ல கொலஸ்ட்ராலைச் சற்றுக் கூட்டும், மலச்சிக்கலையும் தளர்த்தும். குடலில் உள்ள நல்ல கிருமிகள் நாரைப் புளிக்கவைத்து, குடல் சுவருக்கு உணவாகும் பியூட்ரேட் என்ற பொருளைத் தயாரிக்கின்றன. அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு வாரப் பயிற்சிக்குப் பின் இத்தகைய கிருமிகள் பெருகின. பருமன் இல்லாதவர்களிடம் இது கூடுதலாகத் தெரிந்தது. பயிற்சியை நிறுத்தியதும் பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்பிவிட்டன.

காலையில் ஓட்ஸ் குடித்துவிட்டு, பத்து மணிக்கு நாசி லெமாக்கும் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரேக்கும் என்றால் கணக்கு சரியாக வராது. தேங்காய்ப்பாலில் கொலஸ்ட்ரால் இல்லை என்பது உண்மை. ஆனால் அதிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு, கல்லீரல் கெட்ட கொலஸ்ட்ராலை உள்ளிழுப்பதை மந்தப்படுத்துகிறது.

நாரைத் திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும். இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டி, தண்ணீரும் நிறையக் குடியுங்கள். மூன்று மாதம் கழித்து இரத்தப் பரிசோதனை செய்து, அந்த அறிக்கையோடு மருத்துவரிடம் போய் மாத்திரையின் அளவைப் பற்றிப் பேசுங்கள்.