மளிகைக் கடையில் பிறந்த அட்டை

கடை நிறையச் சரக்கு இருந்தால்தான் மதிப்பு என்பது நம் தொழிலில் வழிவழியாக வரும் எண்ணம். ஆனால் அலமாரியில் அடைந்து கிடப்பது வெறும் சரக்கல்ல, நம் முதல். அதற்கு வட்டி ஓடுகிறது; பருப்பில் வண்டு விழுகிறது; பாக்கெட் சரக்குக்குத் தேதி முடிகிறது. ஒருபுறம் பணம் முடங்கியிருக்க, மறுபுறம் வாடிக்கையாளர் கேட்கும் சோப்பு இல்லாமல் அவரைத் திருப்பி அனுப்புகிறோம். இந்த இரண்டு நட்டத்தையும் ஒருசேரக் குறைக்க ஜப்பானியர் கையாண்ட வழிதான் 'கான்பான்'. இந்த ஜப்பானியச் சொல்லுக்கு அட்டை அல்லது பலகை என்று பொருள்.

கற்றது யாரிடம்?

டொயோட்டா கார் கம்பெனியை நிறுவிய கீச்சிரோ டொயோடா, தேவையான பொருள் தேவையான நேரத்தில் தேவையான அளவு மட்டும் வந்தால் போதும் என்று கருதினார். போருக்குப் பிந்திய ஜப்பானில் முதலும் குறைவு, சந்தையும் சிறிது. அந்த நிலையில் இதைச் செயலாக்கியவர் தாய்ச்சி ஓனோ என்ற பொறியாளர். அவருக்கு வழிகாட்டியது எந்தத் தொழிற்சாலையும் அல்ல. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்! வாடிக்கையாளர் வேண்டியதை எடுத்துக்கொள்கிறார்; எடுத்த இடத்தை மட்டும் கடைக்காரர் நிரப்புகிறார். இதை 1953இல் தம் இயந்திரப் பிரிவில் அவர் செய்து பார்த்தார். 1962 வாக்கில் கம்பெனி முழுவதும் பரவியது. ஆக, மளிகைக்காரரிடம் பாடம் கேட்டது கார் கம்பெனி.

நடைமுறை எளிது. ஒவ்வொரு பெட்டியுடனும் ஓர் அட்டை இருக்கும். பொருளின் பெயர், எண்ணிக்கை, எங்கிருந்து எங்கே செல்ல வேண்டும் என்ற விவரம் அதில் இருக்கும். பெட்டியை எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கியதும் அட்டை கழற்றப்பட்டு முந்தைய பிரிவுக்குத் திரும்பும். அந்த அளவுதான் அவர்கள் செய்து அனுப்ப வேண்டும். அட்டை இல்லையேல் சரக்கு இல்லை.

நம் கடையில் எப்படி?

தினம் 8 பாக்கெட் எண்ணெய் விற்கிறது. சொல்லி அனுப்பினால் 3 நாளில் சரக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 3 நாளுக்குத் தேவை 24 பாக்கெட். பெட்டிக்கு 12 என்றால் 2 பெட்டி. லாரி தாமதமானால் சமாளிக்க இன்னும் 1 பெட்டி. மொத்தம் 3 அட்டை போதும். ஒரு பெட்டியைப் பிரித்ததும் அதன் அட்டையைக் கல்லாவுக்கு அருகே உள்ள கம்பியில் குத்திவிட வேண்டும். விற்பனைப் பிரதிநிதி வரும்போது கம்பியில் இருக்கும் அட்டைகளே ஆர்டர். தீபாவளி, பொங்கலுக்கு அட்டையைக் கூட்டிக்கொள்ளலாம். பண்டிகை முடிந்ததும் மறக்காமல் குறைக்க வேண்டும்.

எல்லாச் சரக்குக்கும் இது பொருந்தாது. புளி, மிளகாய், துவரை போன்றவை பருவத்தில் விளைபவை. அவற்றை வரத்துக் காலத்தில் பார்த்து வாங்கி வைப்பதே வியாபாரம். தினமும் ஓடும், வாரந்தோறும் கிடைக்கும் சரக்குக்குத்தான் அட்டை.

எச்சரிக்கை தேவை

இருப்பை ஒரேயடியாக வழித்துவிடுவதும் ஆபத்து. 1997 பிப்ரவரி 1 அன்று டொயோட்டாவுக்கு பிரேக் வால்வு தந்துவந்த ஐசின் ஆலையில் தீ விபத்து. அந்த வால்வு ஏறக்குறைய முழுவதும் அந்த ஓர் ஆலையிலிருந்தே வந்ததால், டொயோட்டாவின் கார் உற்பத்தியே நாட்கணக்கில் நின்றது. மற்ற சப்ளையர்கள் கைகொடுத்து வால்வு செய்து தந்ததால்தான் விரைவில் மீண்டது. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு, எளிதில் கிடைக்காத மின்னணுச் சில்லுகளைச் சில மாதத் தேவைக்கு இருப்பு வைக்குமாறு அக்கம்பெனியே சப்ளையர்களைக் கேட்டுக்கொண்டது. 2021இன் தொடக்கத்தில் சில்லுத் தட்டுப்பாடு வந்தபோது அது கைகொடுத்தது. முக்கியமான சரக்குக்கு இரண்டு இடத்தில் தொடர்பு வேண்டும் என்பது நமக்கும் பாடம்.

மொத்த வியாபாரிகளாகிய நம் பங்கும் உண்டு. பத்துப் பெட்டி எடுத்தால் ஒன்று இலவசம் என்று கடைக்காரர் தலையில் கட்டினால் அன்றைய விற்பனை ஏறும். அடுத்த மாதம் வசூல் நின்றுபோகும். சொன்ன நாளில், கேட்ட இரண்டு பெட்டியை முகம் சுளிக்காமல் அனுப்பினால்தான் கடைக்காரர் நம்பி இருப்பைக் குறைப்பார். அவர்களும் தவணை தவறாமல் பணம் தர வேண்டும். இல்லையேல் பாரம் அவர் கடையிலிருந்து நம் கிடங்குக்கு இடம் மாறுமே தவிர, இறங்காது.

வேகமாக ஓடும் 10 சரக்குக்கு மட்டும் இரண்டு மாதம் இதைச் செய்து பார்ப்போம். செலவு கொஞ்சம் அட்டையும் ஒரு கம்பியும்தான். முடங்கிய பணம் எவ்வளவு கல்லாவுக்குத் திரும்பியது என்பதை நம் பேரேடே சொல்லிவிடும்.