படியை அளந்து பழகிய நாம் சைக்கிளையும் அளப்போம்

நம் புதுவையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் சென்றால், வளைந்த ஹேண்டில்பார் வைத்த ரோடு சைக்கிள்களைக் காணலாம். வணிகர் வீட்டுப் பிள்ளைகளும் இதைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று முதல் போடும் பொருள் இது. சீட்டை ஏற்றலாம், இறக்கலாம், டயரை மாற்றலாம், ஆனால் ஃப்ரேமை வெட்டித் தைக்க முடியாது. அளவு தவறினால் முதுகும் தோளும் வலிக்கும், சைக்கிள் மூலையில் நிற்கும். போட்ட பணம் முடங்கும்.

நாம் சரக்கு ஏற்றிப் பழகிய கருப்பு சைக்கிளில் இந்தக் கவலை குறைவு. 22 அங்குலம், 24 அங்குலம் என்று இரண்டே அளவுதான் பெரும்பாலும் கிடைக்கும். 1949-ல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் போன்ற வண்டிகளில் சீட் குழாயும் முன் குழாயும் நன்றாகப் பின்சாய்ந்திருக்கும். சக்கரங்களுக்கு இடையே நீளம் அதிகம். அதனால்தான் அரிசி மூட்டை ஏற்றினாலும் ஹேண்டில் ஆட்டம் கொடுக்காமல் நிதானமாகப் போகும். ரோடு சைக்கிளிலோ இந்தச் சாய்வு 72 முதல் 74 டிகிரி வரை, ஏறக்குறைய நிமிர்ந்தே நிற்கும். சக்கர இடைவெளி சுமார் ஒரு மீட்டர்தான். வேகமும் சட்டென்று திரும்புவதும் இதன் குணம். மூட்டை சுமப்பது இதன் வேலையல்ல.

ரோடு சைக்கிளில் 52, 54, 56 என்று சென்டிமீட்டரில் எண் போட்டிருப்பார்கள். ஊருக்கு ஊர் படி மாறிய காலம் மூத்த வணிகர்களுக்கு நினைவிருக்கும். இதுவும் அப்படித்தான். பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட் குழாயின் உச்சி வரை ஒருவர் அளப்பார். மேல் பாரின் நடு வரை இன்னொருவர் அளப்பார். 1990-களின் பிற்பகுதியிலிருந்து மேல் பார் சாய்வாக வரத் தொடங்கியபின் சீட் குழாயே குட்டையாகிவிட்டது. ஆகவே ஒரு கம்பெனியின் 54-ம் இன்னொரு கம்பெனியின் 54-ம் ஒன்றல்ல.

முதலில் காலை அளக்க வேண்டும். செருப்பில்லாமல் சுவரோடு நின்று, ஒரு புத்தகத்தைக் கால்களுக்கிடையே மேலே நெருக்கிப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல் விளிம்பு வரை அளக்கவும். 80 செ.மீ. என்றால் 0.67-ஆல் பெருக்க 53.6 வரும். பார் சாயாத ஃப்ரேமில் ஏறக்குறைய 54 பொருந்தும். பெடல் அச்சிலிருந்து சீட்டின் மேல்பகுதி வரையுள்ள உயரத்துக்கு 0.883-ஆல் பெருக்க வேண்டும்; 70.6 செ.மீ. டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை 1986, 1989, 1990 ஆண்டுகளில் வென்ற கிரெக் லெமாண்ட் பரவச் செய்த கணக்கு இது. தொடக்கத்துக்குத்தான் கணக்கு, பிறகு ஓட்டிப் பார்த்துச் சற்றே திருத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்து ஃப்ரேமை அளப்போம். சமதரையில் பின் சக்கரம் சுவரைத் தொடும்படி சைக்கிளை நேராக நிறுத்தவும். தரையிலிருந்து பெடல் அச்சின் நடு 27 செ.மீ., ஹேண்டில் செருகும் முன் குழாயின் உச்சி 82 செ.மீ. என்றால், வித்தியாசம் 55. இதை 'ஸ்டாக்' என்பார்கள், உயரக் கணக்கு. சுவரிலிருந்து பெடல் அச்சு 74.5 செ.மீ., முன் குழாய் உச்சியின் நடு 113 செ.மீ. என்றால், வித்தியாசம் 38.5. இது 'ரீச்', கை எட்டும் கணக்கு. உச்சியிலிருந்து ஒரு தூக்குநூல் விட்டால் இந்த அளவு சுலபம். குழாய் எப்படிச் சாய்ந்தாலும் இந்த இரண்டு எண்களும் ஏமாற்றா. ஸ்டாக் கூடினால் நிமிர்ந்து உட்காரலாம். ரீச் கூடினால் குனிந்து எட்டிப் பிடிக்க வேண்டும். நடுவயதைத் தாண்டிய நம்மவர்களுக்கு ஸ்டாக் கூடியதும் ரீச் குறைந்ததுமே சுகம்.

பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்கள் நம் ஊரில் பல. அங்கிருந்து சைக்கிள் அனுப்பச் சொல்வோர், இந்த இரண்டு எண்களையும் கேட்டுப் பெற்ற பிறகே பணம் கட்டட்டும். பிள்ளைக்குப் பழக்கமான, உடம்புக்கு ஒத்த சைக்கிள் ஒன்று இருந்தால் அதையும் அளந்து ஒப்பிடலாம். சைக்கிள் விற்கும் நம் உறுப்பினர்களும் ஒரு டேப்பையும் தூக்குநூலையும் கடையில் வைத்து, வாடிக்கையாளர் முன்னாலேயே அளந்து காட்டினால், திரும்பி வரும் சரக்கு குறையும். கடையின் பெயரும் நிலைக்கும்.