ஒரு இடுப்புவலி, நாலு மாணவர்கள்

திருப்பூரில் 'ஒன்றரை ஷிப்ட்' என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டாம். காலை எட்டரைக்கு மிஷினில் உட்கார்ந்தால் எழுவது இரவு எட்டரைக்கு. சாய இடமில்லாத ஸ்டூல், குனிந்த கழுத்து, பெடலை விட்டு எடுக்காத கால். செக்கிங்கிலும் அயர்னிலும் நாள் முழுக்க நிற்பவர்களின் பாடு வேறு. இப்படி வரும் வலி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி என்கிறது மருத்துவம். பலரும் அதை மெடிக்கல் ஷாப் மாத்திரையிலேயே வருடக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள்.

நாற்பத்தைந்து வயதான ஓவர்லாக் டைலர் அக்கா ஒருவரை வைத்துப் பார்ப்போம். இடுப்புவலி. நாலு படிப்பு மாணவர்கள் சேர்ந்து அவரைப் பார்க்க வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சல், எடைக்குறைவு, சிறுநீர்த் தொந்தரவு உண்டா என்று எம்.பி.பி.எஸ். மாணவர் கேட்பார். பிசியோதெரபி மாணவியின் கண் ஸ்டூல் உயரத்தில் நிற்கும். பிரஷர் மாத்திரையோடு டைக்ளோஃபெனாக்கும் போகிறது, அது ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று பார்மசி மாணவர் பிடிப்பார். பாத்ரூம் போனால் பீஸ் குறையும் என்று அக்கா தண்ணீரே குடிப்பதில்லை என்பது நர்சிங் மாணவியிடம்தான் வெளிவரும். நாலு பேரும் தனித்தனியாக வந்திருந்தால் நாலு சீட்டு கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

இப்படி ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பதைத்தான் உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வலியுறுத்தியது. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் 2002 முதல் மருத்துவம், பல் மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, தொழில்வழிச் சிகிச்சை மாணவர்கள் வலியை ஒரே வகுப்பில் படிக்கிறார்கள்.

நம்மூர் வேடிக்கை வேறு. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டும் நோய்த்தணிப்பு நர்சும் வீட்டுக்கே வருகிறார்கள். வேலையில் ஒரே அணி. படிக்கும்போது மட்டும் ஆளுக்கொரு கட்டடம்.

திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் மாணவர்கள் குடும்பங்களைத் தத்தெடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. நல்ல வாய்ப்பு. ஆனால் அது எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு மட்டும், அதுவும் கிராமங்களை நோக்கி. பனியன் தொழிலாளியோ நகரத்து லைன் வீட்டில் இருக்கிறார்; பக்கத்து வீட்டுக்காரர் ஒடிசாவோ பீகாரோ, வலியைச் சொல்வது இந்தியில். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு ஒருநாள்தான் வீடு. மாணவர்களை அனுப்புவதானால் அந்த ஞாயிறு காலையில், நாலு படிப்பிலிருந்தும் ஒருவராக, இந்தி தெரிந்த ஒருவரோடு அனுப்ப வேண்டும்.