குளிரில் பரம சாது

மார்கழி மாதத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள், ஒரு சொட்டு விழாது. அடுப்பு மேடையில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகி ஓடிவரும். குளிரா சூடா என்று எண்ணெய்க்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஏறக்குறைய இதே வித்தையை ஒரு பாக்டீரியாவும் கையில் வைத்திருக்கிறது.

அதன் பெயர் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ். மண்ணிலும் மட்கும் தழைகளிலும் கிடப்பது. உணவில் சேரும் கிருமிகள் பலவும் ஃப்ரிட்ஜுக்குள் போனால் சுருண்டுவிடும். இது 4 டிகிரியிலும் சாவகாசமாகப் பெருகும். நன்றாகக் கொதிக்கவைத்தால் செத்துப்போகும். அதனால் சூடாக்காமல் அப்படியே தின்னும் பண்டங்கள்தான் இதற்கு வாகனம். 2017-18இல் தென்னாப்பிரிக்காவில் ‘பொலோனி’ என்ற இறைச்சிப் பண்டத்தின் வழியே பரவி 1,000 பேருக்கு மேல் படுக்கையில் தள்ளியது. 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நோயுற்றவர்களில் பத்துக்கு நான்கு பேர் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத சிசுக்கள். தாய்க்கு லேசான காய்ச்சலோடு போய்விடும், கிருமி நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் 30 டிகிரியில் இதே பாக்டீரியா பரம சாது. நோய் உண்டாக்கும் புரதங்களை அங்கே அது கிட்டத்தட்டச் செய்வதே இல்லை. 37 டிகிரியில், அதாவது நம் உடம்புச் சூட்டில், எல்லாம் வெளியே வரும். அவற்றை எழுப்பிவிடும் தலைமைப் புரதம் பி.ஆர்.எஃப்.ஏ. வயிற்றுக்குள் வந்துவிட்டோம் என்று அதற்கு யார் சொன்னது?

பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பாஸ்கல் கோசார்ட்டின் ஆய்வகம் இதற்கு 2002இல் விடை சொன்னது. அந்த ஆய்வுக் கட்டுரையில் முதலில் இருக்கும் பெயர் யோர்கன் யோஹான்சன். ஸ்வீடனில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, போஸ்ட்டாக் ஆய்வுக்காக அங்கே வந்தவர். பட்டம் வாங்கியாகிவிட்டது, நிலையான வேலை இன்னும் இல்லை, இரண்டுக்கும் நடுவிலான வருஷங்கள் அவை. நம் ஊரில் என்றால் “இன்னுமா படிக்கிறே?” என்று கல்யாண வீட்டில் கேட்பார்கள்.

ஒரு புரதம் உருவாக, அதற்கான செய்தி ஆர்.என்.ஏ இழையாக எழுதப்பட வேண்டும். புரதம் கோக்கும் ரைபோசோம் அந்த இழையில் உட்கார்ந்து படிக்க வேண்டும். பி.ஆர்.எஃப்.ஏவுக்கான இழை குளிரிலும் தயாராகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் முன்பகுதி தன்மேலேயே மடிந்து, ரைபோசோம் உட்கார வேண்டிய இடத்தை மூடிக்கொள்கிறது. 37 டிகிரியில் மடிப்பு இளகுகிறது, இடம் திறக்கிறது. தனியாக ஓர் உணர்கருவி கிடையாது. செய்தி எழுதிய இழையே வெப்பமானி.

சொன்னால் போதுமா, காட்ட வேண்டாமா? மடிப்பு தளரும்படி இழையின் எழுத்துகளை மாற்றினார்கள். 30 டிகிரியிலேயே புரதம் வந்துவிட்டது. எனக்கு இதைவிடப் பிடித்தது அடுத்த சோதனை. அந்த முன்பகுதியை மட்டும் வெட்டி, ஜெல்லிமீனிலிருந்து வந்த பச்சை ஒளிர்புரதத்தின் மரபணுவோடு ஒட்டி, லிஸ்டீரியாவோடு நெருங்கிய உறவு இல்லாத ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். 30 டிகிரியில் வளர்ந்தவை இருண்டு கிடந்தன. 37 டிகிரியில் வளர்ந்தவை பச்சையாக ஒளிர்ந்தன.

வெளியே, குளிரில், லிஸ்டீரியா தன் சொந்தக் கசையிழைகளைச் சுழற்றி நீந்தும். உடம்புச் சூட்டில் பெரும்பாலும் அவற்றைச் செய்வதையே நிறுத்திவிடுகிறது. பிறகு எப்படி நகரும்? பி.ஆர்.எஃப்.ஏ எழுப்பும் புரதங்களில் ஒன்று, நம் செல்லுக்குள் இருக்கும் ஆக்டின் என்ற புரதத்தைப் பிடித்து இழுத்துப் பாக்டீரியாவின் பின்னால் வாலாகக் கோக்கிறது. 1989இல் லூயிஸ் டில்னியும் டேனியல் போர்ட்நாயும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பிடித்த படங்களில் அது அச்சு அசல் வால்நட்சத்திரம். அந்த வால் உந்த உந்த, பாக்டீரியா நம் செல்லின் சவ்வைப் புடைத்துக்கொண்டு அடுத்த செல்லுக்குள் நுழைகிறது. இரத்தத்தில் காத்திருக்கும் எதிர்ப்பொருள்களின் கண்ணில் ஒருமுறைகூடப் படாமல்.