ஒளிப்படத்தில் கிறித்தவக் குறியீடு: உவமையும் உருவகமும்

கிறித்தவ ஓவிய மரபில் லீலி மலர் தூய்மையையும், ஆட்டுக்குட்டி கிறித்துவையும், தலையைச் சூழ்ந்த ஒளிவட்டம் புனித நிலையையும் குறிக்கும். இவை சொற்களைப் போன்றே வழக்கினால் பொருள் பெற்றவை. இம்மரபு ஒளிப்படக்கலையுள் புகுந்தபோது எழுந்த பொருண்மைச் சிக்கலை இக்கட்டுரை விளக்குகிறது.

அமெரிக்க மெய்யியலார் பியர்சு, குறிகளை ஒப்புக்குறி, சுட்டுக்குறி, குறியீடு என மூவகைப்படுத்தினார். ஒளிப்படம் ஒப்புக்குறியாவதுடன், கருவியின்முன் நின்றவரையே காட்டுதலால் சுட்டுக்குறியும் ஆகின்றது. ஓவியர் தமக்கு முன்மாதிரியாக அமர்ந்தவரின் அடையாளத்தைத் தூரிகையால் மறைத்துவிடலாம். ஒளிப்படத்திலோ அவ்வடையாளம் எஞ்சி நிற்கும்.

கல்கத்தாவில் 1815இல் பிறந்து, 1879இல் இலங்கையில் மறைந்த ஜூலியா மார்கரெட் கேமரன், தம் இல்லப் பணிப்பெண் மேரி ஹில்லியரை மரியன்னையாக அமர்த்திப் பல படங்கள் எடுத்தார். ‘ஆவியின் கனிகள்’ என்னும் அவரது தொகுதி ஒன்பது படங்களைக் கொண்டது. அன்பு, சமாதானம், விசுவாசம் முதலிய பண்புப்பெயர்களே அவற்றின் தலைப்புகள். அன்னையும் குழந்தைகளும் அமைந்த கோலமே தொகுதியில் மீண்டும் மீண்டும் வருவதால், தலைப்பை நீக்கினால் அன்பு எது, சமாதானம் எது எனப் பிரித்தறிதல் அரிது. இங்குப் பொருளை வரையறுப்பது சொல்லே.

அமெரிக்கரான பிரெட் ஹாலந்து டே, 1898இல் முடியும் தாடியும் வளர்த்து, உடல் மெலியுமாறு உண்டி சுருக்கித் தாமே கிறித்துவாகத் தோன்றினார். சிலுவையில் மொழியப்பட்ட ஏழு வார்த்தைகளை ஏழு முகத்தோற்றங்களாகப் படம்பிடித்து, அவ்வார்த்தைகளைச் சட்டத்தில் பொறித்தார். முள்முடி என்னும் குறியீடு தெளிவாக இருந்தும் சிலர் இதனை ஏற்கவில்லை; புனிதப் பொருளுக்கு ஒளிப்படம் தகாது என்றனர்.

இக்கருத்து வேறுபாட்டைத் தமிழ் அணியியல் கொண்டு விளக்கலாம். உவமையில் இரு பொருள்களும் வேறாக நிற்கும். உருவகத்தில் அவ்வேறுபாடு ஒழிக்கப்படும். ‘கிறித்துவைப் போன்றவர்’ எனக் கொள்வார்க்கு டேயின் படம் வழிபாட்டுணர்வின் வெளிப்பாடு. ‘இவரே கிறித்து’ எனக் கொள்வார்க்கு அது துணிவு மிக்க செயல். காட்சியில் உவம உருபு இல்லாமையால் இரு பொருள்கோளுக்கும் இடமுண்டு. தலைப்பும் சட்டத்தில் பொறித்த வாசகமும் அவ்வுருபின் பணியை ஓரளவு ஆற்றுகின்றன. எனவே, சமய ஒளிப்படத்தின் தகுதியை ஆராய்வோர் படத்தை மட்டுமன்றி அதனுடன் அமைந்த சொற்களையும் சேர்த்தே பொருள்கொள்ளுதல் வேண்டும்.