ஒற்றைப் பாதையில் ஒரு ரயில்தான்



இரம்புக்கணையிலிருந்து கடுகண்ணாவைக்கு ரயில் ஏறி வருவதைப் பார்த்திருப்பீர்கள். 1867இல் கண்டிக்குப் பாதை திறந்த நாள் முதல் அந்த ஏற்றத்தில் ஒற்றைத் தண்டவாளம்தான். ஒன்று ஏறினால், எதிரே வருவது ஸ்டேஷனில் காத்து நிற்கும். காத்து நிற்பதால் அது ஓடாத ரயில் ஆகிவிடாது. அதன் முறை வரும்.

நம்ம காலை நேரமும் அப்படித்தான். அடுப்பு, பீலித் தண்ணி, ரொட்டி, பெரியதை ஸ்கூலுக்கு அனுப்புறது, சின்னதைப் பிள்ளை மடுவத்தில் விடுறது, அதுக்குள்ளே பெரட்டு. எல்லாத்தையும் ஒரே நேரத்தில் நினைத்தால் தலை சுத்தும், கோபம் வரும், கடைசியில் பிள்ளைக்கு அடி விழும்.

ஒரு அக்கா மலையில் மயங்கி விழுந்தார். லயத்துக்குப் போய் விசாரித்தேன். "பெரட்டுக்குப் பிந்தினா பேர் போயிரும் சார். பிரஷர் குளிசைய அந்திக்குப் போடலாம்னு வச்சேன். அந்தியும் மறந்து போச்சு" என்றார். நாலு நாளாகப் போடவில்லை.

பெரட்டுக்குச் சங்கு உண்டு, ஸ்கூலுக்கு மணி உண்டு. குளிசைக்கும் கிளினிக் தேதிக்கும் சங்கு இல்லை. அதனால்தான் அவை பின்னுக்குப் போகின்றன. சத்தம் போட்டுக் கூப்பிடுவதெல்லாம் பெரிய வேலை என்று நினைக்க வேண்டாம்.

இரவு படுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்:

1. நாளைக்கு இதைச் செய்யாவிட்டால் உடம்புக்கோ பிள்ளைக்கோ கெடுதி வருமா? மருந்து, பிள்ளையின் தடுப்பூசி, காலைச் சாப்பாடு இவைதான் முதல் ரயில்.

2. இன்றைக்கு இரவே முடிக்கலாமா? விறகு, யூனிபோம், கூடை, படங்கு எல்லாம் எடுத்து வைக்கலாம்.

3. வேறு யாராவது செய்யலாமா?

மிச்ச வேலை ஞாயிற்றுக்கிழமை வரை ஸ்டேஷனில் நிற்கட்டும். ஒரு நாள் இஸ்தோப்பு கூட்டாவிட்டால் குடி முழுகாது.

மூன்றாவது கேள்வி ஐயாமாருக்கு. நிலக்கரி இஞ்சின் காலத்தில் இந்த ஏற்றத்துக்கு ஒரு இஞ்சின் பத்தாது, இன்னொன்றைப் பூட்டித்தான் ஏற்றினார்கள். வீட்டிலும் தண்ணி பிடிப்பது, பிள்ளையை மடுவத்தில் விடுவது, இந்த இரண்டையும் நீங்கள் எடுத்தால் போதும். பாரம் பாதி குறையும்.

அந்த அக்கா இப்போது குளிசைப் பையைப் பிள்ளைக்கு எட்டாத மேல் தட்டில், தேயிலைத்தூள் டின்னுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். தேத்தண்ணிக்குக் கை நீட்டும்போதே கண்ணில் படும். சங்கு ஊதுவதற்கு முன்னமே முதல் ரயில் போய்விடுகிறது.

— தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்