டின்னுக்குள் முதிரும் புகையிலை

பைப் புகையிலை பெரும்பாலும் 50 கிராம் கொள்ளும் தட்டையான வட்ட டின்களில் விற்கப்படுகிறது. மூடிக்குத் திருகு கிடையாது; உள்ளிருக்கும் வெற்றிடம்தான் அதை இழுத்துப் பிடித்திருக்கிறது. விளிம்பில் ஒரு நாணயத்தைச் செருகித் திருப்பினால் 'புஸ்' என்று காற்று உள்ளே போகும். ஆனால் பல வருடம் அலமாரியில் கிடந்த டின்கள் சிலவற்றில் நடப்பது நேர்மாறு. மூடி மேல்நோக்கிப் புடைத்திருக்கும், திறந்ததும் வாயு வெளியே பாயும். அடைத்தபோது இல்லாத அந்த வாயு இலையிலிருந்து வந்தது.

பாடம் பண்ணிய இலை காய்ந்திருந்தாலும் அதில் நொதிகளும் நுண்ணுயிர்களும் கொஞ்சம் ஈரமும் மிச்சமிருக்கின்றன. அவை டின்னுக்குள் எஞ்சிய ஆக்சிஜனைச் செலவழித்துக் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகின்றன. கூடவே இன்னொரு வேலையும் மெல்ல நடக்கிறது. இலையின் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து புதிய மணப் பொருட்களையும் கருநிறத்தையும் உண்டாக்குகின்றன. ஜாடியில் போட்டுவைத்த புதுப்புளி வருடம் போகப்போகக் கறுப்பதும் இதே வகை வினையால்தான். மஞ்சள் இலை செம்பழுப்பாகி, பிறகு கரும்பழுப்பாகும். வைக்கோல் வாசனை போய் உலர்பழ வாசனை வரும்.

ஆனாலும் பழையது எல்லாம் நல்லது என்று சொல்லிவிட முடியாது. எவ்வளவு முதிரும் என்பதை இலையின் சர்க்கரைதான் பெரிதும் தீர்மானிக்கிறது. அந்தச் சர்க்கரையோ இலையைப் பாடம் பண்ணும் விதத்தைப் பொறுத்தது.

வர்ஜீனியா இலையைக் கொட்டகைக்குள் தொங்கவிட்டு, குழாய் வழியே சூடேற்றி ஒரு வாரத்துக்குள் உலர்த்துகிறார்கள். மாவுச்சத்து சர்க்கரையாக மாறியதும் வெப்பம் இலையைக் கொன்றுவிடுவதால் அந்தச் சர்க்கரை அப்படியே தங்கிவிடுகிறது. எடையில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்கலாம். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1839இல் ஸ்டீபன் என்ற கறுப்பின அடிமைத் தொழிலாளி, அணையவிருந்த நெருப்பில் கரியைப் போட்டு வெப்பத்தை ஏற்றியபோது இலை பளிச்சென்று மஞ்சளானதில்தான் இந்த முறைக்கு வழி பிறந்ததாகச் சொல்வார்கள். இன்று பத்து வருடம் தாண்டிய டின்னைத் தேடிப் பிடிப்பவர்கள் முதலில் விரும்புவது வர்ஜீனியாவைத்தான்.

பர்லி இலையோ நிழலில் பல வாரம் காற்றாடக் காய்கிறது. அதற்குள் உயிரோடிருக்கும் செல்கள் சர்க்கரையைத் தின்று தீர்த்துவிடுகின்றன. அதனால் டின்னுக்குள் அது அதிகம் மாறுவதில்லை. விறகுப் புகையில் வாட்டும் லடாக்கியா கலந்த புகையிலை வருடங்கள் ஆக ஆகப் புகைநெடி தணிந்து சாதுவாகிவிடும். அந்த நெடிக்காகவே வாங்கியவருக்கு அது நஷ்டம். வெனிலா, செர்ரி போன்ற வாசனை சேர்த்த வகைகளை வைத்திருப்பதில் பயனில்லை. சேர்த்த வாசனை நாளாக ஆகத் தேய்ந்துவிடும்.

டின்னுக்கு வருமுன்பே முதிர்ந்துவிடும் இலையும் உண்டு. அமெரிக்காவின் லூசியானாவில் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் விளையும் பெரீக் இலையை மரப் பீப்பாய்களில் அடைத்து, திருகு அழுத்தியால் நெரித்து, அதன் சாற்றிலேயே ஊறவிடுகிறார்கள். இடையிடையே வெளியே எடுத்துக் காற்றாடவிட்டு மறுபடியும் அழுத்துகிறார்கள். ஏறக்குறைய ஒரு வருடத்தில் இலை கன்னங்கரேலென்றாகி, மிளகுக் காரமும் பழப்புளிப்பும் ஏறி வருகிறது. வர்ஜீனியாவோடு இதைச் சிறிதளவு கலந்து டின்னில் அடைப்பது வழக்கம்.

பழைய டின்னைத் திறக்குமுன் துரு பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊசிமுனைத் துளை போதும், உள்ளே இலை சருகாகியிருக்கும். திறந்ததும் வெள்ளையாகப் பூத்திருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மினுமினுக்கும் துகள் என்றால் படிகம், அது கெடுதலின் அறிகுறி அல்ல. பஞ்சு போல இழையோடி முடைநாற்றம் அடித்தால் பூஞ்சணம். தூக்கிப் போட வேண்டியதுதான். காடி நெடியோ அம்மோனியா நெடியோ மூக்கில் ஏறினால் சிறிது நேரம் திறந்து வைத்தாலே தணிந்துவிடும்.

அடுத்தது ஈரப் பதம். வில்லைகளாக வெட்டிய புகையிலையை விரல்களால் உதிர்த்துக் காகிதத்தில் பரப்பிவைப்பார்கள். ஒரு சிட்டிகையை அழுத்தி விட்டால் கட்டியாக நிற்காமல் மெல்ல விரிய வேண்டும். ஈரம் மிகுந்தால் பைப் அணைந்து அணைந்து போகும். அணையாதிருக்க வேகமாக இழுத்தால் நீராவி நாக்கைச் சுடும். பைப் கிண்ணத்தின் அடியில் தளர்வாகவும் மேலே சற்று இறுக்கமாகவும் நிரப்பி, முதல் தீயில் மேற்பரப்பைக் கருக்கி, லேசாக அழுத்திவிட்டு மறுபடி பற்றவைப்பார்கள். மீதியை அன்றே கண்ணாடி ஜாடிக்கு மாற்றி இறுக மூடிவிட வேண்டும். காற்று புகுந்துவிட்டதால் முதிர்ச்சி இனி பழைய வழியில் போகாது. காயவிட்டால் அதுவும் நின்றுவிடும்.

பைப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் காரத்தன்மையுள்ள புகையின் நிகோடினை வாயின் சவ்வே உறிஞ்சிக்கொள்ளும். பைப் பிடிப்பவர்களுக்கு உதட்டுப் புற்று வருவதை ஜெர்மானிய மருத்துவர் சோம்மரிங் 1795லேயே எழுதிவைத்தார். வாய், தொண்டை, நுரையீரல் புற்றுகளோடும் பைப்புக்குத் தொடர்பு உறுதியாகியிருக்கிறது. டின்னில் கழிந்த வருடங்கள் மணத்தையும் சுவையையும் மாற்றும். தீ வைத்ததும் கிளம்பும் தாரையும் கார்பன் மோனாக்சைடையும் எந்த முதிர்ச்சியும் தடுப்பதில்லை.